கப்பல் பாரின் தண்ணீர்

அன்றைக்குக் காலையில் புன்னந்துறைக் கடற்கரையில் நின்றவர்கள் பதினோரு பேர்: சங்குகுளி கயித்தான், அவரோடு வள்ளத்தில் போய்ச் சங்கு குளித்துவிட்டு வந்த நான்கு பேர், வள்ளத்தின் சொந்தக்காரர் தொபியாஸ் சம்மாட்டி, மீன் ஏலம் கூறுகிற எங்கல்பெர்த்து, ஐஸ் வண்டியோடு வந்த செய்யது, சுக்குக்காப்பி விற்கிற அன்னப்பழம், கோவில் உபதேசியார், பிறகு கயித்தானின் மனைவி மத்தில்தாள். எங்கல்பெர்த்தின் நாயையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஆனால் அது அந்நேரம் தூங்கிக்கொண்டிருந்தது, பார்த்ததாகச் சொல்ல முடியாது.

பதினோரு பேரும் பார்த்தது இதுதான். கயித்தான் இடுப்பு வலைப்பையிலிருந்து சங்குகளை ஒவ்வொன்றாக மணலில் வைத்துவிட்டு, கடைசியாக நீலப்பூ போட்ட ஒரு பீங்கான் தட்டை எடுத்தார், தட்டு தனியாக வரவில்லை, அதைச் சுற்றிப் பூசணிக்காய் அளவு கடலும் கூடவே வந்தது. அது சிந்தவில்லை, வழியவில்லை, கயித்தானின் கை அதற்குள் மணிக்கட்டுவரை நனைந்திருந்தது, விரல்நீள மீன் ஒன்று தட்டை வலம் வந்துகொண்டிருந்தது, கரையில் நிற்கிற பதினோரு பேரையும் அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கல்பெர்த்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மாப்ள, ஏலம் தட்டுக்கா, மீனுக்கா, தண்ணிக்கா?"

"ஒண்ணுக்குமில்ல மச்சான். இது வீட்டுக்கு."

"எடை போட்டா தண்ணிதான் கூட நிக்கும், அதான் கேட்டேன்."

"இப்படி மீனு தன் தண்ணியைத் தானே தூக்கிட்டு வந்தா என் ஐஸை யாருய்யா வாங்குவா?" என்றார் செய்யது. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வெயில் ஏறிவிட்டது, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

தட்டு வந்த இடம் ஊருக்குத் தெரிந்த இடம்தான். கடலிலிருந்து கரையைப் பார்த்தால் கோவில் கோபுரமும் பனங்காட்டு மேடும் ஒரே கோட்டில் விழுகிற இடத்தில், எட்டு பாக ஆழத்தில், அதாவது எட்டு ஆள் ஆழத்தில், எந்தக் காலத்திலோ முழுகிய ஒரு கப்பல் கிடந்தது. கடலடித் திட்டைப் பார் என்பார்கள், அதனால் அந்த இடத்துக்குப் பெயரே கப்பல் பார். வலை கிழியும் என்று யாரும் அதன்மேல் வலை போடுவதில்லை, மணல் மூடிக் கிடந்ததால் யாரும் அதைக் கிளறவும் இல்லை. அந்த வருஷம் கார்த்திகைப் புயல் மணலை வாரிக்கொண்டு போனது, கப்பல் விலாவெலும்போடு எழுந்து நின்றது, சங்கு தேடிப் போன கயித்தான் அதைக் கண்டார்.

புன்னந்துறைச் சங்குகுளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முங்கினவன் வெறுங்கையோடு ஏறுவதில்லை. சங்கு அகப்படாத நாளில் ஒரு கல்லோ, சிப்பியோ, கைப்பிடி மண்ணோ, ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். வெறுங்கையோடு ஏறுகிறவனைக் கடல் அடுத்த தடவை ஏறவிடாது என்பது அவர்கள் நம்பிக்கை. மண்ணை அள்ளி வந்த இடத்தில் இப்போது கப்பல் இருந்தது. ஆகவே சங்கு கிடைக்காத நாளிலெல்லாம் கப்பலிலிருந்து ஒன்று வந்தது, சங்கு கிடைத்த நாளிலும் ஒன்று வந்தது. ஊதா நிறப் புட்டி வந்தது, பித்தளை விளக்கு வந்தது, தந்தச் சீப்பு வந்தது, மூடி வராமல் ஜாடி வந்தது, நான்கு நாள் கழித்து அதன் மூடி வேறொருவர் கையில் வேறொரு வீட்டுக்கு வந்தது, வந்ததெல்லாம் தன்தன் அளவுக்குக் கடலையும் சுமந்துகொண்டு வந்தது.

அந்தத் தண்ணீரோடு குடும்பம் நடத்த ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. குடத்தில் அள்ளினால் குடம் நிறையும், ஆனால் நாலு எட்டு எடுத்து வைப்பதற்குள் தண்ணீர் பொருளிடம் திரும்பிப் போய்விடும், குடம் காலியாக இருக்கும். அன்னப்பழம் தன் வீட்டு ஊதாப் புட்டியின் தண்ணீரை உப்புக் காய்ச்சலாம் என்று அடுப்பில் வைத்தாள், ஆவி ஜன்னல் வழியாகப் போகாமல் அறைக்குள் திரும்பிப் புட்டியைச் சுற்றிச் சேர்ந்துகொண்டது, விறகு போனதுதான் மிச்சம். கடல் ஏற்றத்தில் வீட்டுக்கடலும் புடைத்துப் பாயை நனைக்கும், வற்றத்தில் சுருங்கிவிடும், ஆகவே கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தார்கள், அரிசிப்பானையை உறியில் ஏற்றினார்கள். கரன்ட் ஆபீஸ் ஆள், கடல் இருக்கிற வீட்டில் மீட்டரை எந்தப் பக்கம் மாட்டுவது என்று கேட்டு மேலே எழுதிப்போட்டார், பதில் வரும்வரை பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்று போய்விட்டார். கோவிலுக்குக் கொடுத்த மணி, பீடத்துக்கு இடப்புறம் ஆளுயரத் தண்ணீருக்குள் நின்றது, அடித்தால் ஒலிக்காது, ஆனால் பாதத்தில் ஒரு அதிர்வு ஏறும், முழங்கால் வலிக்காரர்கள் பூசை முடிந்ததும் வரிசையில் நின்று அதற்குள் கால் வைத்தார்கள். அதை மந்திரிக்கலாமா கூடாதா என்று உபதேசியார் மூன்று ஞாயிறு யோசித்தார். "உப்பு இருக்கு, தண்ணி இருக்கு, தீர்த்தத்துக்கு வேற என்னவே வேணும்?" என்று தொபியாஸ் கேட்ட பிறகு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

மத்தில்தாளின் வீட்டில் ஒரே அறை. அதை நடுவில் சேலை கட்டி இரண்டாக்கியிருந்தார்கள். கல்யாணமாகி வந்த அன்றைக்கே, அந்தச் சேலை இருக்கிற இடத்தில் சுவர் எழுப்பிக் கதவு போட்டுத் தருவேன் என்று கயித்தான் சொல்லியிருந்தார், சொல்லிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. மாசி மாதத்தில் ஒருநாள் அவரும் மற்ற நான்கு பேரும் ஒரு கதவைச் சுமந்துகொண்டு வந்தார்கள். சின்னக் கதவு, குனிந்துதான் போக முடியும், கறுத்த மரம், பித்தளைக் கைப்பிடி. அதனோடு வந்த கடல் ஒரு பீரோ அளவு இருந்தது, கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"சுவர் எங்க?" என்று கேட்டாள் மத்தில்தாள்.

"கதவு வந்துட்டுல்லாட்டி. சுவர் பின்னால வரும்."

"ஊர்ல எல்லாரும் சுவரைக் கட்டிட்டுக் கதவு போடுவாங்க. நீரு கடலைக் கட்டிட்டுக் கதவு போடுறீரு."

ஆனாலும் அவள் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். வேலையில்லாத மதியங்களில் தோள்வரை கையை நனைத்துக் கதவைத் திறப்பாள், மூடுவாள். திறந்தால் அந்தப் பக்கம் தண்ணீரும், தண்ணீருக்குப் பின்னால் தன் வீட்டு அடுப்பும்தான் தெரியும். கதவிடுக்கில் இரண்டு கிளாத்தி மீன்கள் குடியிருந்தன, அவை திறக்கும்போது வெளியே வந்து, மூடும்போது உள்ளே போகும்.

சங்கதி கேள்விப்பட்டு இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் பழம்பொருள் வாங்குகிற தணிகாசலம். வீடு வீடாகப் போய், மிகப் பெரியதாகவும் மிக அழகாகவும் இருந்த ஏழு பொருள்களை விலைபேசி லாரியில் ஏற்றித் தூத்துக்குடியிலிருந்த தன் கிடங்குக்குக் கொண்டுபோனார். கப்பலின் கஜானாப் பெட்டி அகப்பட்டால் ஊரையே வாங்கித் தருவேன் என்று சங்குகுளிகளிடம் சொன்னார். "ஊரு எங்களுதுதான, அதை எங்களுக்கே வாங்கித் தருவீரா?" என்று எங்கல்பெர்த்து கேட்டார். இருந்தாலும் அன்றிலிருந்து கயித்தான் கப்பலுக்குள் இன்னும் ஆழமாகப் போக ஆரம்பித்தார்.

அடுத்து வந்தவள் தொல்லியல் துறை மெய்யம்மை. அவள் ஒன்றும் வாங்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அளந்தாள், எண்ணினாள், எத்தனை பொருளோ அத்தனை கோடு நிலைப்படியில் சாக்பீஸால் போட்டாள். விற்ற ஏழையும் கேட்டுச் சேர்த்து, அதன்பின் வந்தவற்றையும் கூட்டிக்கொண்டே போனபோது கணக்கு கடைசியில் நூற்று அறுபத்து மூன்று வந்தது. மத்தில்தாள் வீட்டுக் கதவை அவள் இரண்டு தடவை சுற்றி வந்தாள்.

"அக்கா, நாங்க கடல்லருந்து ஒரு மரத்தை எடுத்தா தொட்டி கட்டி ஊறவச்சு, வருஷக்கணக்கா உப்பை இறக்குவோம். அவசரப்பட்டுக் காயவச்சா வெடிச்சு உமியாப் போயிரும். உங்க ஊர்ல பொருளே தொட்டியையும் தூக்கிட்டு வந்திருக்கு."

"அப்போ எங்ககிட்டயே இருக்கலாமாம்மா?"

"மரத்துக்கு ஆபத்தில்ல. கப்பலுக்குத்தான். எது எதுக்குப் பக்கத்துல கிடந்துச்சுன்னு பாத்தாத்தான் அந்தக் கப்பல்ல இருந்தவங்க யாரு, என்ன செஞ்சாங்கன்னு தெரியும். ஜாடி ஒரு வீட்ல, மூடி ஒரு வீட்ல இருந்தா என்னத்தைப் புரிஞ்சுக்கிறது?"

மத்தில்தாள் கதவைக் காட்டினாள். "இது எந்த அறைக் கதவு?"

"இருந்த இடத்துல பாத்திருந்தா சொல்லியிருப்பேன்."

கயித்தான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க பாரு, எங்க குளி. ஆபீசரம்மா எண்ணிட்டுப் போகட்டும்" என்றார். மெய்யம்மை சண்டை போடவில்லை, தெருக்கோடியில் அறை எடுத்துத் தங்கிவிட்டாள். அன்றிலிருந்து மத்தில்தாளுக்குத்தான் தூக்கம் குறைந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம், இதைத் திறந்து யார் எதற்குள் போனார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இவ்வளவு தண்ணீர் கரைக்கு வந்தால் அங்கே குறையத்தானே செய்யும். முதலில் கப்பல் பாருக்கு மேலே கடல் ஒரு தட்டளவு குழிந்தது, யாரும் பார்க்கவில்லை. பிறகு முறத்தளவு ஆனது, பிறகு வண்டிப்பாதைப் பள்ளம்போல வள்ளம் அதில் இறங்கி ஏறியது, கதவும் மணியும் வந்த பிறகு அது வட்டமாக ஆழ்ந்து, நான்கு பக்கமும் சறுக்குகிற கிண்ணம்போல ஆனது. சங்குகுளிகளுக்கு அது வசதியாகவே இருந்தது. முங்குகிற ஆழம் நாளுக்கு நாள் குறைந்தது.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கயித்தானும் நான்கு பேரும் கஜானாப் பெட்டியை இருந்த இடத்திலிருந்து பெயர்த்து வள்ளத்தில் ஏற்றினார்கள். ஒரு கல்யாணச் சமையல் அண்டாவைவிடப் பெரிய பெட்டி. அதனோடு வந்த தண்ணீர் வள்ளத்தின் நடுவில் குன்றுபோல ஏறி நின்றது. அவ்வளவு தண்ணீரும் ஒரே சமயத்தில் விலகியதும் கிண்ணத்தின் அடி போயிற்று. வள்ளம் ஐந்து பேரோடும் பெட்டியோடும் சறுக்கிக்கொண்டே இறங்கி, எட்டு பாக ஆழத்தில், ஈர மணலில், கப்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. சுற்றிலும் கடல் கிணற்றுச் சுவர்போல நின்றது, மேலே வட்டமாக வானம் தெரிந்தது. நீந்தி ஏறப் பார்த்தால் அந்தச் சுவர் சறுக்கிக் கீழேயே தள்ளியது.

தூரத்தில் வலை போட்டிருந்தவர்கள் பார்த்துச் செய்தியைக் கரைக்குக் கொண்டுவந்ததும் முப்பத்தொரு வள்ளம் கிளம்பியது. கிட்டே போக முடியவில்லை, முப்பது பாகம் தள்ளியே வள்ளங்கள் சறுக்க ஆரம்பித்தன. நங்கூரம் போட்டு, ஒன்றோடு ஒன்று கயிறு கட்டி, வட்டமாக நின்றார்கள். கிணற்றிலிருந்து வருவதுபோலக் கீழிருந்து குரல் நன்றாகக் கேட்டது.

"எல்லாரும் உயிரோட இருக்கோம்!" என்றார் கயித்தான். "பெட்டியும் பத்திரமா இருக்கு!"

"பெட்டியை யாருவே கேட்டா?" என்று தொபியாஸ் கத்தினார்.

மெய்யம்மை தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வாழ்நாளில் ஒரு முழுக் கப்பலை அப்படிப் பார்ப்போம் என்று அவள் நினைத்ததில்லை, ஆனால் பார்க்கப் பார்க்க அவள் முகம் சுருங்கியது. வெயில் உள்ளே விழ ஆரம்பித்திருந்தது. ஊறிக் கிடந்த மரம் காய்ந்து, பட் பட்டென்று வெடிக்கிற சத்தம் மேலேவரை வந்தது. அந்தக் கப்பல்மேல் சாய்ந்துதான் தண்ணீர்ச் சுவர் நிற்கிறது, கப்பல் உடைந்தால் சுவரும் விழும், சாயங்காலக் காற்று எழுவதற்குள் தண்ணீர் இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்றாள். அதை எப்படித் திருப்புவது என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊருக்கே தெரியும், அது யார் யார் வீட்டில் நிற்கிறதென்று.

அந்த ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. அன்றைக்கு ஏறினார்கள். அன்னப்பழம் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், முழங்கால் வலிக்காரர்களே மணியைச் சுமந்தார்கள், ஜாடி ஒரு வள்ளத்திலும் மூடி ஒரு வள்ளத்திலும் வந்தன. பொருளைக் கடலில் விட்டதும், வீட்டுக்கு வழி தெரிந்த மாடுபோல அது நேரே கப்பலைப் பார்த்துப் போனது, தன் தண்ணீரையும் கொண்டுபோனது, பள்ளத்தில் மட்டம் ஒரு விரல் உயர்ந்தது. ஒவ்வொன்று போகும்போதும் மெய்யம்மை உரக்க எண்ணினாள், வள்ளங்களில் இருந்தவர்களும் கூடவே எண்ணினார்கள், நூறைத் தாண்டியபோது அது கோவிலில் மன்றாட்டு மாலைக்குச் சனம் பதில் சொல்வதுபோல இருந்தது. கீழே மணல் மறைந்தது, தண்ணீர் முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது, மரம் வெடிக்கிற சத்தம் குறைந்தது, ஆனால் வள்ளம் மிதக்கவில்லை.

மூன்று மணிக்கு, சேதி கேட்டுக் கிளம்பிய தணிகாசலத்தின் லாரி வந்தது, வந்த வழியெல்லாம் தார்ரோட்டில் நண்டு இறங்கியிருந்தது. அவர் முழங்கால்வரை நனைந்திருந்தார். "எடுத்துக்கிடுங்கய்யா! அமாவாசை வந்தா கிடங்குல கழுத்துவரை நிக்குது, எலியெல்லாம் என் மேசை மேல ஏறி உக்காருது" என்றார். ஏழில் நான்குதான் கொண்டுவந்திருந்தார். மற்றவை கைமாறிக் கப்பலேறி எந்தத் தேசத்துக்கோ போய்விட்டன. நான்கையும் விட்டார்கள். கீழே கிடந்த வள்ளம் லேசாக அசைந்து, அப்படியே நின்றது.

இப்போது சரிவு தணிந்திருந்ததால் மத்தில்தாள் இருந்த வள்ளம் விளிம்புக்குப் பக்கமாகப் போனது. ஊர்ப் பொருளில் மிச்சமிருந்தது அவளுடைய கதவு ஒன்றுதான், பெரியது என்பதால் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அவள் எட்டிப் பார்த்தாள். ஏழெட்டு ஆள் ஆழத்தில் கயித்தான் பெட்டியின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார், வள்ளத்தைப் பெட்டியும் பெட்டியின் கடலும் அழுத்திக்கொண்டிருந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்ற மற்ற நான்கு பேரில் இருவர் கப்பலைப் பார்த்தார்கள், இருவர் பெட்டியைப் பார்த்தார்கள்.

"பெட்டியைத் தள்ளும்!" என்றாள்.

"வெறுங்கையோட ஏறச் சொல்றியாட்டி?"

"கையைப் பாத்துக்கிட்டு நிக்கிற நேரமா இது? காத்து வருது!"

"நீ கதவை விட்டுராத. அது ஒண்ணுதான் நான் ஒனக்குப் போட்டுத் தந்தது. அது வராமலே இங்க பாத்துக்கிடலாம்."

மேற்கேயிருந்து முதல் காற்று வந்து தண்ணீர்ச் சுவரில் வரி வரியாகச் சுருக்கம் போட்டது. மத்தில்தாள் கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். அவளுக்கு அந்த நேரத்திலும் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"இங்க பாரும். அந்தக் கப்பல்ல இந்தக் கதவு இருந்த எடம் அங்கருந்து தெரியுதா?"

கயித்தான் திரும்பிப் பார்த்தார். "தெரியுது."

"உள்ள என்ன இருக்கு?"

அவர் வள்ளத்திலிருந்து இறங்கித் தண்ணீரில் நடந்து போய்க் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்ததுபோல இருந்தது. "சின்ன அறைட்டி. நம்ம சேலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அளவுதான். ஒரு கட்டில் கிடக்கு. ரெண்டு பேர் நெருக்கிப் படுக்கலாம். கட்டிலுக்கடியில ஒரு சோடி செருப்பு பெருசா இருக்கு, ஒரு சோடி சின்னதா இருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. கதவு மட்டும் இல்ல."

மத்தில்தாள் கதவைக் கடைசியாக ஒரு தடவை திறந்து மூடினாள். "அப்போ அவுகளுக்கும் இது வேணும்" என்று சொல்லிக் கையை எடுத்தாள். பீரோ அளவு கடல் சத்தமில்லாமல் நழுவி, இரண்டு கிளாத்திகளோடும் கீழே போனது. கயித்தானைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் நின்றது. தண்ணீர் அவர் மார்புக்கு ஏறியது.

"ஏட்டி, என்னட்டி செஞ்சே!"

"உம்ம கூட நாலு வீட்டு ஆம்பளைக நிக்கிறாவ. அவங்களைக் கூட்டிக்கிட்டு ஏறும். அது வெறுங்கையா?"

கயித்தான் வள்ளத்துக்குத் திரும்பினார். பெட்டியின் வளையத்தைப் பிடித்தார். மற்ற நான்கு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பூட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை, பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. "பிடிங்கலே" என்றார். ஐந்து பேரும் முட்டுக் கொடுத்துத் தள்ளினார்கள். பெட்டி விளிம்பில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றது, பிறகு புரண்டு விழுந்தது, அதன்மேல் நின்ற குன்றளவு கடலும் கூடவே இறங்கியது, வள்ளம் தக்கையைப்போல எழும்பியது. ஐந்து பேரும் வள்ளத்தின் குறுக்குக் கம்புகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அது சுற்றிச் சுற்றி ஏறிவந்து, முப்பத்தொரு வள்ளங்களுக்கும் நடுவில் நின்று ஆடியது. மத்தில்தாள் தாவிக் கயித்தானின் இரண்டு கைகளையும் பிடித்தாள். இரண்டிலும் ஒன்றுமில்லை. அவர் அதை ஊரார் பார்க்கட்டும் என்று மறைக்காமல் வைத்திருந்தார்.

அதன் பிறகு சங்குகுளிகள் மெய்யம்மையைக் கூட்டிக்கொண்டு கப்பல் பாருக்குப் போகிறார்கள். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு முங்குவாள், எதையும் தொடாமல் பார்ப்பாள், ஏறிவந்து யார் எங்கே சாப்பிட்டார்கள், யார் எங்கே படுத்தார்கள் என்று சொல்வாள், கேட்க வள்ளத்தில் இடம் போதாது. கப்பலுக்கு மேலே கடல் இன்னும் முழுசாக நிரவவில்லை. கரையோர வாய்க்காலைத் தாண்டுவதுபோல அந்த இடத்தில் வள்ளம் முக்கால் முழம் இறங்கி, முக்கால் முழம் ஏறும். புதிதாக வருகிறவர்கள் பயந்து பலகையைப் பிடித்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் பிடிப்பதில்லை, எந்தத் தேசத்தில் எந்த வீட்டில் எவருடைய பாய் நனைகிறதோ என்று பேசிக்கொண்டே தாண்டிப் போவார்கள். நூற்று அறுபத்து மூன்றில் திரும்பியது நூற்று அறுபது. பாக்கி மூன்று.